திண்ம அமில ஊக்கிகளும் செயற்கை மசகு எண்ணெயும்

வண்டி அச்சுக்கு மை இடுவது நம் நாட்டுப்புறங்களில் நெடுங்காலமாக இருந்து வந்த வழக்கம். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து அச்சில் தடவினால் சக்கரம் கிறீச்சிடாமல் சுழலும். மாட்டின் உழைப்பும் குறையும். முதல் உலகப் போரின்போது விமானங்களின் சுழல் யந்திரங்களுக்கும் இதே விளக்கெண்ணெய்தான் இடப்பட்டது. பின்னர் நிலத்தடி எண்ணெயிலிருந்து வடித்தெடுத்த மசகு எண்ணெய்கள் அதன் இடத்தைப் பிடித்தன. இன்றோ, வித்திலிருந்தும் எடுக்கப்படாமல், நிலத்தடியிலிருந்து வடிக்கப்பட்டபடியே பயன்படுத்தப்படாமல், இரசாயன ஆலையில் சிறு மூலக்கூறுகளை இணைத்துக் கட்டப்படும் செயற்கை எண்ணெய்கள் வழக்கில் உள்ளன.

இவ்வாறு இணைப்பதற்கு ஓர் அமில ஊக்கி தேவை. பெரும்பாலான ஆலைகளில் இதற்குப் பயன்படுவது ஒரு நச்சு வாயு. அதற்குப் பதிலாக, மணலையும் களிமண் உருண்டையையும் போலக் கையாளத்தக்க திண்ம அமிலம் ஒன்றை அமர்த்த இயலுமா என்பது பல்லாண்டுகளாக ஆராயப்பட்டு வரும் கேள்வி. அக்கேள்வி ஏன் எழுந்தது, எவ்வளவு தூரம் விடை கிடைத்துள்ளது, எங்கே தடைபட்டு நிற்கிறது என்பவற்றை இங்கு விளக்குவோம்.

நல்ல மசகு எண்ணெயின் இலக்கணம்

ஒன்றோடொன்று உராயும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று, அவை நேராகத் தொடாதபடி காப்பதே மசகு எண்ணெயின் முதற் கடமை. இதற்கு எண்ணெயில் ஓரளவு பாகுநிலை வேண்டும். திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பே பாகுநிலை எனப்படும். தேனுக்கு அது மிகுதி, தண்ணீருக்குக் குறைவு. உஷ்ணம் ஏற ஏற எல்லா எண்ணெய்களின் பாகுநிலையும் குறையும். காலையில் யந்திரத்தை முடுக்கும்போது கெட்டியாக இருக்கும் எண்ணெய், யந்திரம் சூடேறிய பின் நீர்த்துவிடுகிறது. இந்த மாறுதல் எவ்வளவுக்குச் சிறிதோ அவ்வளவுக்கு எண்ணெய் சிறந்தது. இதனை அளவிட 1929இல் டீன், டேவிஸ் என்னும் இருவர் பாகுநிலைக் குறியெண் என்ற அளவையை வகுத்தனர். அக்காலத்தில் மிகச் சிறந்ததாகக் கருதப்பட்ட பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 என்றும், மிகத் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் மதிப்பு அளிக்கப்பட்டன.

இரண்டாவது இலக்கணம், குளிரில் உறையாமை. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுவதையும், அதே அலமாரியில் வைத்த நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதையும் நாம் அறிவோம். தேங்காய் எண்ணெயிலுள்ள கார்பன் சங்கிலிகள் நேரானவை. அடுக்கிய விறகைப் போல அவை நெருங்கிப் படிந்து உறைகின்றன. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகளால் உண்டான வளைவுகள் உள்ளமையால் அவை எளிதில் அடுக்கப்படுவதில்லை. நிலத்தடி எண்ணெயில் இத்தகைய நேரான சங்கிலிகள் மெழுகாக அமைந்துள்ளன. மெழுகைப் பெரும்பாலும் நீக்கிய பின்னரும் சாதாரண மசகு எண்ணெய் பூஜ்யத்திற்குக் கீழ் 10, 15 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே ஓட்டத்தை இழந்துவிடுகிறது. லே நகரில் குளிர்கால இரவுகளில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரிக்கும் தாழ்வதுண்டு. அங்கே இத்தகைய எண்ணெயை நம்பி வண்டியை முடுக்க இயலாது.

இவ்விரு இலக்கணங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதே இத்துறையின் முதற் சிக்கல். நீண்ட நேரான சங்கிலி குறியெண்ணை உயர்த்தும். ஆனால் விரைவில் உறையும். கிளைகள் மலிந்த மூலக்கூறு எளிதில் உறையாது. ஆனால் அதன் குறியெண் தாழ்ந்துவிடும். நமக்கு வேண்டுவது, நட்சத்திர மீனைப் போல நீண்ட கரங்கள் சிலவற்றை மட்டும் உடைய மூலக்கூறு. கரங்களின் நீளம் குறியெண்ணைக் காக்கும்; அவை பல திசைகளில் நீண்டிருப்பது உறைதலைத் தடுக்கும். இயற்கையில் இத்தகைய மூலக்கூறுகள் தனித்துக் கிடைப்பதில்லை. அவற்றைக் கட்ட வேண்டியிருக்கிறது.

பத்துக் கார்பன் சங்கிலி

கட்டுவதற்குரிய செங்கல், நீள் தொடர் ஆல்கீன் ஆகும். கார்பன் அணுக்கள் வரிசையாக இணைந்து, அவற்றுள் ஏதேனும் இரண்டிற்கிடையே இரட்டைப் பிணைப்பு அமைந்த ஹைட்ரோகார்பனே ஆல்கீன். இத்தொழிலுக்கு மிகவும் உகந்தது டெசீன். இதில் 10 கார்பன் அணுக்களும் 20 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் ஒரு முனையில் அமைந்துள்ளது. எத்திலீன் வாயுவின் இரண்டு கார்பன் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து இதனைச் செய்கின்றனர். இவ்வாறு சங்கிலியை நீட்டும் வழியை ஜெர்மனியில் மூல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர் 1950களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். 1963ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கும் இத்தாலியின் நாட்டாவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. வேறு ஊக்கிகளைக் கொண்டு எத்திலீனை நீட்டும் ஷெல் நிறுவனத்தின் முறை 1977இல் அமெரிக்காவில் தொழில் அளவில் தொடங்கியது.

மூன்று டெசீன் மூலக்கூறுகள் இணைந்தால் 30 கார்பன் அணுக்களைக் கொண்ட மும்மம் உண்டாகிறது. இதன் கணக்கை மாணவர்களே போடலாம். டெசீனின் மூலக்கூறு எடை 140. மும்மத்தின் எடை 420. எஞ்சியுள்ள ஓர் இரட்டைப் பிணைப்பை ஹைட்ரஜனால் நிறைவு செய்தால் 422. நான்கு இணைந்தால் நான்மம். பெரும்பாலும் மும்மமும் சிறிது நான்மமும் கலந்த எண்ணெயின் பாகுநிலைக் குறியெண் 120க்கு மேல் இருக்கும். பூஜ்யத்திற்குக் கீழ் 60 டிகிரி வரையிலும் அது உறைவதில்லை. பெட்ரோலியத் துறையின் வகைப்பாட்டில் இவ்வெண்ணெய்கள் நான்காம் தொகுதியில் வைக்கப்பட்டுள்ளன.

களப்பணியாளர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். டப்பாவின் மேல் ‘செயற்கை’ என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது டெசீன் எண்ணெய் என்று கொள்ளக் கூடாது. நிலத்தடி எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு ஆழமாகத் திருத்திய மூன்றாம் தொகுதி எண்ணெய்களும், 1999இல் அமெரிக்காவில் விளம்பரங்கள் பற்றி எழுந்த ஒரு வழக்காடலுக்குப் பின், அப்பெயரிலேயே பல நாடுகளில் விற்கப்படுகின்றன. அவையும் நல்ல எண்ணெய்களே. ஆயினும் கடுங்குளிரில் இரண்டும் ஒன்றல்ல.

அமிலம் செய்யும் வேலை

ஒரு வினையை விரைவுபடுத்தி, அதன் முடிவில் தான் செலவாகாமல் எஞ்சும் பொருளை ஊக்கி என்கிறோம். இக்கருத்துக்குப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ், ஆண்டு 1835. டெசீனை இணைக்கும் ஊக்கி ஓர் அமிலம். அமிலம் தன் ஹைட்ரஜன் அயனியை டெசீனின் முனைக் கார்பனுக்கு அளிக்கிறது. இரட்டைப் பிணைப்பு திறந்து, அடுத்த கார்பன் நேர்மின்னூட்டம் பெற்று நிற்கிறது. மின்னூட்டம் பெற்ற இக்கார்பன் நிலையற்றது. எலெக்ட்ரான்களைத் தேடி அருகிலுள்ள மற்றொரு டெசீனின் இரட்டைப் பிணைப்பைப் பற்றிக்கொள்கிறது. இருபது கார்பன் கொண்ட இருமம் தோன்றுகிறது. மின்னூட்டம் இப்போது புதிய சங்கிலிக்கு மாறிவிட்டது. அது மூன்றாவது டெசீனையும் பற்றலாம். அல்லது ஹைட்ரஜன் அயனி ஒன்றை ஊக்கிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓயலாம்.

இணைப்பைத் தொடங்கி வைப்பதைவிட உரிய இடத்தில் நிறுத்துவதே கடினம். இருமத்தில் நின்றுவிட்டால் எண்ணெய் மிக நீர்த்து, சூட்டில் ஆவியாகும். மிக நீண்டால் பாகு போலத் தடித்துவிடும். அன்றியும் மின்னூட்டம் ஓரிடத்தில் நில்லாது. சங்கிலியின் நடுப்பகுதியை நோக்கி நகரும். அது நகர நகரச் சிறு கிளைகள் பெருகிக் குறியெண் தாழும். எனவே நல்ல ஊக்கி விரைவாக இணைக்க வேண்டும். அதிகமாக நகர விடக்கூடாது. மூன்று அல்லது நான்கில் நிறுத்த வேண்டும்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து ஸ்டாண்டர்டு எண்ணெய் நிறுவனத்தில் சல்லிவனும் உடனுழைத்தோரும் 1931இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மெழுகைப் பிளந்து பெற்ற ஆல்கீன்களை அலுமினியம் குளோரைடு கொண்டு இணைத்தனர். இரண்டாம் உலகப் போரில் எண்ணெய்ப் பஞ்சத்துக்கு உள்ளான ஜெர்மனி இவ்வகை எண்ணெய்களைச் செய்து பயன்படுத்தியது. போரான் டிரைஃபுளோரைடு கொண்டு டெசீனை இணைக்கும் முறைக்கு மோபில் நிறுவனத்தார் 1968இல் காப்புரிமை பெற்றனர். 1970களில் இவ்வெண்ணெய் மோட்டார் வண்டிகளுக்காகக் கடைகளுக்கு வந்தது. குறைந்த பாகுநிலை கொண்ட டெசீன் எண்ணெய்கள் இன்றளவும் பெரும்பாலும் போரான் டிரைஃபுளோரைடு கொண்டே செய்யப்படுகின்றன.

வாயு ஊக்கியின் தொல்லைகள்

போரான் டிரைஃபுளோரைடு சிறிது ஆல்கஹாலின் துணையோடு, அறையின் உஷ்ணநிலைக்குச் சற்று மேலேயே, மும்மத்தையும் நான்மத்தையும் மிகுதியாகத் தருகிறது. வினையின் அளவில் பார்த்தால் இதனினும் சிறந்த ஊக்கி அரிது. தொல்லை வினைக்கு வெளியே உள்ளது. இது பூஜ்யத்திற்குக் கீழ் 100 டிகிரியில் கொதிக்கும் பொருள். ஆகவே அழுத்தத்தில் அடைத்த வாயுவாகவே கையாள வேண்டும். காற்றின் ஈரத்தைத் தொட்டதும் அடர்ந்த வெண்புகையாகி, உலோகத்தை அரிக்கிறது, நுரையீரலைப் புண்ணாக்குகிறது. வினை முடிந்ததும் எண்ணெயிலிருந்து இதனை நீக்க வேண்டும். ஓரளவை மீட்க முடியுமாயினும் எஞ்சியதைக் காரமும் நீரும் கொண்டு கழுவ வேண்டியுள்ளது. கழுவிய நீரில் ஃபுளோரைடு சேர்கிறது.

ஃபுளோரைடு என்றால் என்ன தீங்கு என்பதை நல்கொண்டா, தருமபுரி முதலிய மாவட்டங்களில் பணியாற்றிய ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. அங்கு நிலத்தடிப் பாறைகளிலிருந்து நீரில் கரையும் ஃபுளோரைடு குழந்தைகளின் பற்களைக் கறையாக்கி, எலும்புகளையும் வளைத்துவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமே ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆதலின் ஆலைகள் கழிவு நீரைச் சுண்ணாம்பு கொண்டு சுத்தி செய்ய வேண்டும். அதில் படியும் சேற்றையும் பத்திரமாகப் புதைக்க வேண்டும். அலுமினியம் குளோரைடைப் பயன்படுத்தினாலும் அமிலச் சேறு என்னும் தொல்லை நீங்குவதில்லை.

திண்ம அமிலம் என்பது யாது?

அமிலம் என்றதும் கண்ணாடிக் குப்பியிலுள்ள திரவமே நினைவுக்கு வரும். ஆனால் கையில் எடுத்தால் சுடாத வெண்மையான தூளும் அமிலமாக இருக்கலாம். மணலை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் சூழ்ந்து நான்கு ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. சிலிக்கனின் நான்கு இணைதிறன்களும் நிறைவு பெற்றுள்ளன. எனவே மணல் எவ்வித இரசாயன நாட்டமும் இன்றிக் கிடக்கிறது. இக்கட்டமைப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலிக்கனுக்குப் பதில் அலுமினியத்தை அமர்த்தினால், அலுமினியத்தின் இணைதிறன் மூன்றே ஆதலால், அவ்விடத்தில் ஓர் எதிர்மின்னூட்டம் மிஞ்சும். அதைச் சரிக்கட்ட ஒரு ஹைட்ரஜன் அயனி அங்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது தளர்வாகவே ஒட்டியிருக்கிறது. டெசீன் அருகே வந்தால் அதற்குக் கொடுத்துவிடும். அத்தகைய இடம் ஒவ்வொன்றும் ஓர் அமில மையம். அமிலம் கல்லோடு பிணைக்கப்பட்டிருப்பதால் எண்ணெயில் கரைந்து செல்வதில்லை.

அமிலத்தால் பதம் செய்த களிமண், சிலிக்காவும் அலுமினாவும் கலந்த கூட்டுப்பொருள், ஜியோலைட் என்னும் நுண்துளைப் படிகங்கள் ஆகியவை இவ்வகையின. ஜியோலைட் என்பதற்குக் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள். 1756இல் சுவீடன் நாட்டு கிரான்ஸ்டெட் ஒரு கனியத்தைச் சூடேற்றியபோது அது நீராவியைக் கக்கி நுரைத்தமையால் இப்பெயரிட்டார்.

இப்பொருள்களின் ஆற்றல் அவற்றின் உட்பரப்பில் உள்ளது. 1992இல் மோபில் நிறுவனத்தார் அறிவித்த எம்.சி.எம்.-41 என்னும் பொருளின் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கியுள்ளது. ஒரு சிட்டிகைத் தூளுக்குள் இருபத்தைந்து சென்ட் நிலம் என்று சொன்னால் இதன் அளவு விளங்கும்.

ஆலையில் இதனால் உண்டாகும் நன்மைகள் வெளிப்படையானவை. திண்ம அமிலத்தைச் சிறு உருண்டைகளாக்கி ஓர் உயர்ந்த கோபுரத்தில் நிரப்பினால் அது ஒரு நிலையான படுகையாகும். மேலே ஆல்கீனைச் செலுத்தினால் கீழே எண்ணெய் வெளிவரும். கழுவ வேண்டுவதில்லை, நச்சு வாயு இல்லை. ஊக்கி சோர்ந்துவிட்டால், ஏறத்தாழ 500 டிகிரியில் காற்றைச் செலுத்தி, அதன்மீது படிந்த கரியை எரித்து மீண்டும் புதுப்பிக்கலாம்.

பெட்ரோலியத் தொழிலில் இது புதிய கருத்தும் அன்று. பிரெஞ்சுக்காரரான யூஜீன் ஊட்ரி களிமண் ஊக்கியைக் கொண்டு கன எண்ணெயைப் பிளந்து பெட்ரோல் எடுக்கும் முறையை 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொழிலாக்கினார். அதே காலத்தில் ருஷ்ய விஞ்ஞானி இபாட்டியெவ், பாஸ்பாரிக் அமிலத்தை நுண்ணிய மண்ணில் ஊற வைத்துத் திண்மமாக்கி, சிறு ஆல்கீன்களைப் பெட்ரோலாக இணைத்துக் காட்டினார். சிறு மூலக்கூறுகளுக்கு இவ்வளவு எளிதாகக் கைகூடியது, பத்துக் கார்பன் சங்கிலிக்கு ஏன் கைகூடவில்லை?

புக எளிது, வெளியேற அரிது

முதல் தடை துளையின் அகலம். இதனை ஆங்ஸ்ட்ராம் என்னும் அளவால் குறிப்பர். மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். இஸட்.எஸ்.எம்.-5 என்னும் புகழ்பெற்ற ஜியோலைட்டின் துளை சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ளது. நேரான டெசீன் சங்கிலியின் பருமன் இதைவிடச் சிறிதே குறைவு. ஆகவே நூல் ஊசித் துளையில் நுழைவதைப் போல அது உட்புகும். உள்ளே இரண்டு, மூன்று சங்கிலிகள் இணைந்து கிளைத்துவிட்டால், நட்சத்திர மீன் குழாய்க்குள் அகப்பட்டதைப் போல வெளியேற இயலாமல் நின்றுவிடும். நின்றது அமில மையத்தின் பிடியிலேயே இருப்பதால் மேலும் இணைந்தும் பிளந்தும் இறுதியில் கரியாகிறது. துளையின் வாய் அடைபட்டால் அதற்குப் பின்னாலுள்ள நூற்றுக்கணக்கான மையங்கள் யாவும் வீண்.

ஒய்-வகை ஜியோலைட்டில் வாயில்கள் 7.4 ஆங்ஸ்ட்ராம்; அவற்றுக்கு உள்ளேயுள்ள அறைகள் ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம். அறை பெரிது, வாயில் சிறிது. உள்ளே கட்டிய தேர் வெளியே வர வாயில் போதாமற்போவது போன்ற நிலை இங்கும் நேர்கிறது. சிறு ஆல்கீன்கள் இணைந்தபோது பிறந்த பொருளும் சிறிது. அது தப்பிச் சென்றது. இங்கே பிறப்பதே பெரிது.

இரண்டாவது தடை உஷ்ணநிலை. திரவத்தில் கலந்த ஊக்கி மூலக்கூறுகளை எங்கும் சந்திக்கிறது. திண்மத்திலோ மூலக்கூறு துளை வழியே ஊர்ந்து மையத்தை அடைய வேண்டும். இதனைத் துரிதப்படுத்த உஷ்ணநிலையை 150, 200 டிகிரி அளவுக்கு உயர்த்துவது வழக்கம். ஆனால் ஆல்கீன்கள் இணையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் மோலுக்குச் சுமார் 20 கிலோ கலோரி. வெப்பத்தை வெளிவிடும் வினைகள், உஷ்ணநிலை உயர உயரப் பின்வாங்கும் இயல்புடையவை. ஆகவே சூடான திண்ம அமிலத்தில் பெரும்பாலும் இருமமே கிடைக்கிறது. விலையுயர்ந்த மும்மம் குறைகிறது. மேலும் டெசீனின் இரட்டைப் பிணைப்பு இணைவதற்கு முன்பே முனையிலிருந்து நடுவே நகர்ந்துவிடுகிறது. அத்தகைய டெசீன் மந்தமாக வினைபுரிவதோடு, தரும் எண்ணெயும் கிளை மிகுந்ததாகிறது. நிலையான படுகையில் வெளிப்படும் வெப்பத்தை அவ்வப்போது நீக்காவிட்டால் ஆங்காங்கே சூடு மிகுந்து, தொல்லை இன்னும் பெருகும்.

மூன்றாவது தடை ஈரம். அமில மையங்கள் டெசீனைவிட நீரை விரும்பிப் பற்றும். எனவே மூலப்பொருளை நன்கு உலர்த்திய பின்பே உள்ளே செலுத்த வேண்டும்.

தடைகளை நீக்கும் முயற்சிகள்

துளையை அகலமாக்குவதே முதல் யோசனை. எம்.சி.எம்.-41இன் துளைகளை 20 முதல் 100 ஆங்ஸ்ட்ராம் வரை வேண்டிய அகலத்தில் ஆக்கலாம். மும்மம் தாராளமாக வெளியேறும். ஆனால் அதன் சுவர்கள் படிக ஒழுங்கற்றவையாதலின் அமில மையங்கள் வலிமை குன்றியுள்ளன. ஜியோலைட்டில் வலிமை உண்டு, வழியில்லை. இங்கு வழி உண்டு, வலிமையில்லை. இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்ப்பதே பின்வந்த ஆராய்ச்சிகளின் நோக்கம். காரத்தால் ஜியோலைட்டின் சிலிக்காவில் ஒரு பகுதியைக் கரைத்து, சிறு சந்துகளுக்கு நடுவே பெரிய வீதிகளைத் திறக்கும் முறை அவற்றுள் ஒன்று. ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவில் அவெலினோ கோர்மாவும் உடனுழைத்தோரும் 1998இல், அடுக்கடுக்கான ஜியோலைட்டை ஏடு ஏடாகப் பிரித்து, மையங்கள் வெளிப்பரப்பிலேயே அமையும்படி செய்தனர். ஏட்டின் மேல் பிறந்த மூலக்கூறுக்கு வாயில் என்பதே தேவையில்லை.

வேறு சிலர் நேர்மாறான வழியைக் கொண்டனர். துளைக்குள் புகமுடியாத பருத்த காரம் ஒன்றைக் கொண்டு ஜியோலைட்டின் வெளிப்புற மையங்களை மட்டும் செயலிழக்கச் செய்து, குறுகிய குழாய்க்குள் மட்டுமே வினை நிகழும்படி விட்டனர். குழாய்க்குள் கிளைகள் விரிய இடமில்லாமையால், புரோப்பிலீன் போன்ற சிறு ஆல்கீன்களிலிருந்து கிளை குறைந்த சங்கிலிகள் கிடைத்தன. தடையாக இருந்த குறுகிய வழியே இங்குக் கருவியாயிற்று.

சல்போனிக் அமிலம் பிணைத்த பிசின் உருண்டைகளும் சோதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் அமிலம் வலியது. ஆயினும் சாதாரணப் பிசின் 120 டிகிரி அளவுக்கு மேல் தாங்காது. கரி படிந்தால் எரித்துப் புதுப்பிக்கவும் இயலாது. பிசினும் சேர்ந்து எரிந்துவிடும்.

வெற்றி கண்ட இரு தொழில்கள்

நீள் தொடர்ச் சங்கிலிகளில் திண்ம அமிலம் வெற்றியே காணவில்லை என்று எண்ண வேண்டாம். தாவர எண்ணெய்களிலுள்ள 18 கார்பன் கொழுப்பு அமிலங்களை இரண்டிரண்டாக இணைத்து, பிசின், மை, ஒட்டுப் பசை ஆகியவற்றுக்குரிய இரும அமிலம் செய்யும் தொழில் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அதன் ஊக்கி மாண்ட்மாரில்லோனைட் என்னும் களிமண்ணே. களிமண் ஏடுகளின் திறந்த பரப்பில் வினை நடைபெறுவதாலும், வேண்டுவது இருமமே ஆதலாலும் அங்குச் சிக்கல் எழவில்லை.

மற்றொன்று சலவைப் பொருள் தொழில். 10 முதல் 13 கார்பன் வரையுள்ள ஆல்கீன்களைப் பென்சீனோடு இணைத்துப் பெறும் நேர்தொடர் அல்கைல் பென்சீனிலிருந்து சலவைத்தூள் செய்யப்படுகிறது; வடோதரா, மணலி முதலிய இடங்களில் இதற்கான ஆலைகள் உண்டு. உலகெங்கும் இவ்வினைக்கு 1960களின் இறுதியிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு பெருவாரியாகப் பயன்பட்டது. 1995இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பெக்கன்கூர் என்னும் ஊரில் திண்ம அமிலப் படுகையைக் கொண்ட முதல் ஆலை தொடங்கியது. அதன்பின் பல புதிய ஆலைகள் அம்முறையைத் தழுவின.

இந்த மாற்றத்தின் மதிப்பை இரண்டு நிகழ்ச்சிகள் உணர்த்தும். 2012 செப்டம்பரில் தென்கொரியாவின் குமி நகரில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கசிந்து ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். சுற்றுவட்டாரப் பயிர்கள் கருகின. 2019 ஜூனில் அமெரிக்காவின் பிலடெல்பியா எண்ணெய்ச் சுத்தி ஆலையில் நேர்ந்த தீ விபத்தின்போது இரண்டு டன்னுக்கு மேற்பட்ட அதே பொருள் வெளியேறியது. திண்ம அமில உருண்டை கோபுரத்திலிருந்து சிதறினாலும் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம். ஊரைக் காலி செய்ய வேண்டுவதில்லை.

நம் நாட்டின் வாய்ப்புகள்

திண்ம அமில ஊக்கியின் இரசாயனம் நம் நாட்டுக்குப் புதிதன்று. புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் 1980களில் உருவாக்கிய ஜியோலைட் ஊக்கிகள், அப்போது அரசுத் துறையிலிருந்த வடோதரா பெட்ரோகெமிகல் ஆலையில் சைலீன்களை மாற்றும் தொழிலில் பயன்படுத்தப்பட்டன. 1960இல் நிறுவப்பட்டு டேராடூனில் இயங்கும் இந்தியப் பெட்ரோலிய ஆய்வுக்கழகம் எண்ணெய், ஊக்கி ஆகிய இரு துறைகளிலும் பணிபுரிகிறது. களிமண் ஊக்கிக்கு மூலமான பென்டொனைட், குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்திலும் மிகுதியாகக் கிடைக்கிறது. கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கும் நாட்டில், நெடுநாள் உழைக்கும் மசகு எண்ணெய் ஒருவகைச் சிக்கனமும் ஆகும்.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

முதலாவது: ஒரு சோதனைக் குழாயில் தேங்காய் எண்ணெயும் மற்றொன்றில் நல்லெண்ணெயும் ஊற்றிப் பனிக்கட்டி நீரில் நிறுத்துக. எது முதலில் உறைகிறது என்பதைக் கண்டு, சங்கிலியின் வடிவத்தோடு பொருத்திக் காட்டுக.

இரண்டாவது: நீர்த்த மெத்திலீன் நீலக் கரைசலில் ஒரு சிட்டிகை பென்டொனைட் தூளை இட்டுக் குலுக்கித் தெளிய விடுக. நீலம் களிமண்ணோடு இறங்கிவிடும். அதே எடையுள்ள ஆற்று மணலை இட்டால் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உட்பரப்பின் பெருமையும், களிமண்ணின் எதிர்மின்னூட்டம் அயனிகளைப் பற்றும் தன்மையும் இதனால் விளங்கும்.

மூன்றாவது: மருந்துக் கடையில் கிடைக்கும் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில், எடை போட்ட மாங்கனீசு டை-ஆக்சைடைச் சிறிது இடுக. ஆக்சிஜன் குமிழியிட்டு வரும். வினை ஓய்ந்த பின் வடிகட்டி, கழுவி, உலர்த்தி மறுபடி எடை போடுக. எடை ஏறக்குறைய மாறாதிருக்கும். அதனையே புதிய கரைசலில் இட்டால் மீண்டும் வேலை செய்யும். கரையும் ஊக்கியை இவ்வாறு வடிகட்டி எடுக்க இயலுமா என்று மாணவர்களைக் கேட்கலாம். இக்கட்டுரையின் மையக் கருத்து அக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

முடிவுரை

சலவைப் பொருள் தொழிலில் வென்ற திண்ம அமிலம், டெசீன் எண்ணெய்த் தொழிலில் நச்சு வாயுவை இன்னும் அகற்றவில்லை. அமிலத்தின் வலிமை மட்டும் போதும் என்று முதலில் எண்ணினர். வலிமையோடு வழியும் வேண்டும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மூலக்கூறுகளை இணைப்பதில் ஊக்கியின் பணி பாதியே. இணைந்ததை உரிய நேரத்தில் விடுவிப்பது மறுபாதி. தாழ்ந்த உஷ்ணநிலையில் செயற்பட்டு, மும்மத்தைக் கரியாக்காமல் வெளியே அனுப்பும் திண்ம அமிலம் ஒன்று தொழில் அளவில் நிலைபெறுமாயின், ஃபுளோரைடு கலந்த கழிவு நீரும் நச்சு வாயு உருளைகளும் இன்றியே கடுங்குளிரில் ஓடும் எண்ணெயைச் செய்துகொள்ளலாம். அதற்கு வேண்டிய களிமண்ணும் கல்வியும் நம்மிடம் உள்ளன.